அளவுருக் கட்டும் மதிப்புக் கோப்பும்: சொல் தேர்வு குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

டேட்டாஸ்டேஜ் (தரவை ஓரிடத்திலிருந்து எடுத்து, மாற்றி, வேறிடத்தில் சேர்க்கும் ஐபிஎம் மென்பொருள்) கையேட்டுக்காக, பாராமீட்டர் செட் என்பதற்கு 'அளவுருத் தொகுப்பு' என்றும், வேல்யூ ஃபைல் என்பதற்கு 'மதிப்புத் தொகுப்பு' என்றும் முன்மொழியப்பட்டிருப்பதைக் கண்டேன். இரண்டையும் மாற்ற வேண்டும் என்று கருதுகிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். தரவுத்தள வழங்கியின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், உள்ளீட்டுக் கோப்புறை ஆகியவற்றை ஒவ்வொரு பணியிலும் (தரவை நகர்த்த நாம் அமைக்கும் ஜாப்) தனித்தனியே அறிவிக்காமல் ஒரே பெயரின் கீழ் ஒருமுறை வரையறுத்து, வேண்டிய பணிகளில் எல்லாம் சேர்த்துக்கொள்கிறோம். இவை ஒவ்வொன்றும் ஓர் அளவுரு, அவை சேர்ந்ததே பாராமீட்டர் செட். பணிக்குள் அதை # குறிகள் இரண்டுக்கு நடுவே, செட்டின் பெயர், ஒரு புள்ளி, அளவுருவின் பெயர் என்ற வரிசையில் எழுதுகிறோம். வேல்யூ ஃபைல் என்பது அந்த இடங்களை நிரப்பும் எளிய உரைக் கோப்பு: வரிக்கு ஓர் அளவுருவின் பெயர், சமக்குறி, அதன் மதிப்பு, அவ்வளவுதான். உருவாக்கச் சூழலுக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று, நடைமுறைக்கு ஒன்று என ஒரே செட்டுக்குப் பல கோப்புகள் இருக்கலாம். எதை எடுப்பது என்பதைப் பணியை ஓட்டும்போது சொன்னால் போதும்.

இங்கேதான் 'தொகுப்பு' இடறுகிறது. நிரலைக் கம்பைல் செய்வதையும், அதாவது கணினி ஓட்டத்தக்க வடிவுக்கு மாற்றுவதையும், நாம் தொகுத்தல் என்றே எழுதி வருகிறோம். செட்டில் புதிய அளவுரு ஒன்றைச் சேர்த்தால், அதைப் பயன்படுத்தும் பணிகளை மீண்டும் கம்பைல் செய்ய வேண்டும். கோப்பில் ஒரு மதிப்பை மட்டும் மாற்றினால் அது தேவையில்லை, அடுத்த ஓட்டத்திலேயே புதிய மதிப்பு எடுத்துக்கொள்ளப்படும். இந்த வேறுபாடுதான் வசதியின் உயிர். 'மதிப்புத் தொகுப்பை மாற்றுக' என்று நான் முன்பு எழுதிக் கொடுத்த குறிப்பைப் படித்த இளம் பொறியாளர் ஒருவர், கடவுச்சொல் உள்ள ஒரு வரியைத் திருத்த வேண்டிய இடத்தில், இரவெல்லாம் உட்கார்ந்து அத்தனை பணிகளையும் மீண்டும் கம்பைல் செய்துவிட்டார். அவர் மேல் குற்றமில்லை, என் சொல்தான் தவறு.

செட் என்பதற்கு வேறு சொற்களையும் எண்ணிப் பார்த்தேன். 'கணம்' பள்ளிக் கணிதத்தில் நிலைத்த சொல்தான். ஆனால் கணத்தின் உறுப்புகளுக்கு வரிசை இல்லை, செட்டிலோ ஒவ்வொன்றும் பெயரும் வகையும் பெற்று வரிசையாக நிற்கிறது. 'கோவை' இயற்கணிதத்துக்குப் போய்விட்டது. சாவிக் கொத்தை நினைத்து 'கொத்து' என்று வைக்க எனக்கு ஆசைதான், ஆயினும் பல கணினிகள் சேர்ந்து இயங்கும் கிளஸ்டருக்கு அதை எடுத்துக்கொண்டோம். எஞ்சியது 'கட்டு'. வெற்றிலைக் கட்டு, சீட்டுக் கட்டு என்னும்போது உறுப்புகள் தனித்தனியாக இருந்தும் ஒன்றாகக் கைமாறுவது மனத்தில் வருகிறது. செட்டின் இயல்பும் அதுவே. ஆகவே 'அளவுருக் கட்டு' என்கிறேன்.

'அளவுரு' குறித்தும் ஒரு தயக்கம் எழலாம். டேட்டாஸ்டேஜ் தரும் எட்டு அளவுரு வகைகளில் முழு எண், பதின்ம எண் ஆகிய இரண்டே எண்கள். கடவுச்சொல்லிலும் கோப்புப் பாதையிலும் அளவு ஏது? இருப்பினும் வேரூன்றிய சொல்லைப் பிடுங்க வேண்டாம்.

வேல்யூ ஃபைலுக்கு 'மதிப்புக் கோப்பு' போதும். இலங்கை நண்பர்கள் 'பெறுமானக் கோப்பு' என எழுதுவர். அதில் எனக்கு மறுப்பில்லை, கலைச்சொல் பட்டியலில் இரண்டையும் இணையாகக் குறித்துவிடலாம். கோப்பு என்ற சொல் விடுபடாமல் இருப்பதே முக்கியம், ஏனெனில் நிர்வாகி அதைத் திட்டக் கோப்பகத்துக்குள் போய்த் தேடித் திறக்க வேண்டியிருக்கும்.

மறுப்பு இருப்பின் 'கட்டு' என்பதற்கு மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். வந்த பின் கையேட்டின் மூன்றாம் இயலைத் திருத்துகிறேன்.