சனிக்கிழமை ஏரிக்கு மீன் பிடிக்கப் போவதா, வேண்டாமா?

மல்லிகா அத்தை: (பலமுறை பகிரப்பட்ட செய்தி) "ஏரியில் மீன்கள் செத்து மிதக்கின்றன. தண்ணீரில் விஷம். உடனே அனைவருக்கும் பகிரவும்."

மல்லிகா அத்தை: சனிக்கிழமை யாரும் போக வேண்டாம்.

அம்மா: ஐயோ. குழந்தைகள் வேறு வருகிறார்களே.

அருண்: எந்த ஏரி அத்தை?

மல்லிகா அத்தை: நம் ஏரிதான். படம் இருக்கிறது பார்.

அருண்: படத்தில் பின்னால் மலை தெரிகிறது. நம் ஏரிக்கு ஏது மலை?

மல்லிகா அத்தை: மலை இல்லாவிட்டால் மீன் சாகாதா?

பெரியப்பா: மல்லிகா, செத்த மீனைப் பார்த்ததும் விஷம் என்று முடிவு கட்டாதே. கோடையில் இது நடக்கக்கூடியதுதான். 10 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். வெப்பம் ஏற ஏற மீனுக்கோ ஆக்சிஜன் தேவை கூடுகிறது. பாசியும் நீர்ச்செடிகளும் பகலில் ஆக்சிஜனைக் கொடுக்கும், இரவில் அவையே எடுத்துக்கொள்ளும். மேகமூட்டமான பகலும் காற்றில்லாத இரவும் சேர்ந்து வந்தால், விடிவதற்குச் சற்று முன்னால் மீன்களுக்கு மூச்சு முட்டிவிடும். எதற்கும் படகுத்துறையில் விசாரித்துச் சொல்கிறேன். இரண்டாவது விஷயம்

அருண்: இரண்டாவது வருகிறது. எல்லோரும் உட்காருங்கள்.

நித்யா அக்கா: 😂

சுந்தர் சித்தப்பா: கரையோரம் வேண்டாம் அண்ணா. நாற்பது அடி ஆழத்துக்குப் போய்விடுவோம். வெயிலுக்குப் பெரிய பாஸ் மீன்கள் எல்லாம் அடியில்தான் படுத்திருக்கும்.

பெரியப்பா: அதைத்தான் சொல்ல வந்தேன். கோடையில் ஏரி இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். மேலே சூடான, லேசான தண்ணீர். கீழே குளிர்ந்த, கனமான தண்ணீர். காற்று எவ்வளவு அடித்தாலும் எளிதில் கலக்காது. நம் ஏரி மாதிரி பாசி மண்டிய ஏரியில், அடியில் மட்கும் குப்பையே அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். படகில் இருக்கும் ஆழமானியில் இரண்டு அடுக்கும் சேரும் இடம் மங்கலாக ஒரு பட்டையாகத் தெரியுமே, அதற்குக் கீழே தூண்டிலை இறக்கி ஒரு பயனும் இல்லை. ஆழத்திலிருந்து சட்டென்று இழுத்தால் மீனின் காற்றுப்பை உப்பிவிடும், திருப்பி விட்டாலும் முங்க முடியாமல் மிதக்கும்.

சுந்தர் சித்தப்பா: போன வருடம் ஆழத்தில்தான் அந்த மீன் வந்தது.

அருண்: ஆரம்பித்துவிட்டது.

சுந்தர் சித்தப்பா: பத்து கிலோவுக்குக் குறையாது. வலையை நேரத்துக்கு நீட்டியிருந்தால் இன்றைக்கு இந்தப் பேச்சே இல்லை.

பெரியப்பா: வலையை நான் நீட்டியபோது தூண்டில் நரம்பு அறுந்து மூன்று நொடி ஆகியிருந்தது, சுந்தர்.

அருண்: அப்பா, 1932 ஜூனில் ஜார்ஜ் பெர்ரி அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பிடித்த லார்ஜ்மவுத் பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ். அதாவது பத்து கிலோவும் கொஞ்சமும். 2009 ஜூலையில் ஜப்பானின் பிவா ஏரியில் குரிடா என்பவர் அதைவிட ஓர் அவுன்ஸ்கூட முழுதாகக் கூடாத மீனைப் பிடித்தார். இரண்டு அவுன்ஸாவது கூடினால்தான் புதிய உலக சாதனை என்பதால் இரண்டையும் சமமாக வைத்திருக்கிறார்கள். மூன்றாவது ஆள் நீங்கள்.

சுந்தர் சித்தப்பா: எட்டு கிலோ என்றே வைத்துக்கொள்.

மல்லிகா அத்தை: இன்னும் கொஞ்சம் பேசினால் நெத்திலி ஆகிவிடும்.

மல்லிகா அத்தை: அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். விடிவதற்கு முன்னால் மீனுக்கு மூச்சு முட்டும் என்கிறீர்கள். பிறகு எதற்கு எங்களை மூன்றரை மணிக்கு எழுப்புகிறீர்கள்?

அருண்: சபாஷ் அத்தை.

சுந்தர் சித்தப்பா: அதே கேள்விதான் எனக்கும். மாலையில் போவோம்.

பெரியப்பா: நல்ல கேள்வி. செடி அடர்ந்த உள்பக்கம்தான் விடியலில் மோசம். செடிப்படுகையின் வெளி விளிம்பு, அதிலும் காற்று வந்து மோதும் கரை, அவ்வளவு பாதிக்காது. மேல்தண்ணீர் ஒரு நாளில் மிகவும் குளிர்ந்திருப்பதும் அப்போதுதான், பிடித்துத் திருப்பி விடும் மீன் பிழைக்கும். மாலையில் நாள் முழுக்கக் காய்ந்த தண்ணீர். கூடவே கோடை இடி மழை. நம் தூண்டில் கழிகள் கார்பன், மின்னலை நன்றாகவே கடத்தும்.

அம்மா: மின்னலா? நான் வரவில்லை.

நித்யா அக்கா: சித்தி, அப்பா சொன்னது மாலைக்கு.

அம்மா: எதற்கும் நான் வரவில்லை.

நித்யா அக்கா: அப்பா, தம்பிக்கு இந்தத் தடவை பிளாஸ்டிக் புழு வேண்டுமாம். எப்படி மாட்டுவது?

பெரியப்பா: தோட்டா வடிவ ஈயக்குண்டை முதலில் நரம்பில் கோத்துவிட்டு முள்ளைக் கட்ட வேண்டும். முள்ளைப் புழுவின் தலையில் கால் அங்குலம் குத்தி வெளியே எடுத்து, திருப்பி, முனையை அதன் உடம்புக்குள்ளேயே புதைக்க வேண்டும். புழு நேராகத் தொங்க வேண்டும், வளைந்தால் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். செடிக்குள் போட்டாலும் சிக்காது. பாஸ் கவ்வினால் பெரிய இழுப்பெல்லாம் இருக்காது. ஒரு சின்னத் தட்டு, பிறகு நரம்பு தானாகப் பக்கவாட்டில் நகரும். தளர்ந்த நரம்பைச் சுற்றிக்கொண்டு அப்போது இழுக்கச் சொல். பிடித்த பிறகு கையை நனைத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

நித்யா அக்கா: சரி. பாதியை மறந்துவிடுவான்.

சுந்தர் சித்தப்பா: படம் எடுக்கும்போது தாடையை மட்டும் பிடித்து ஆட்டிக் காட்டாதே என்றும் சொல்.

அருண்: போன வருடம் அப்படி ஆட்டியது யார்?

சுந்தர் சித்தப்பா இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்.

பெரியப்பா: படகுத்துறையில் பேசிவிட்டேன். மேற்குக் கரையில் சின்னக் கெண்டை ஏழெட்டு ஒதுங்கியதாம். பாஸ் எதுவும் இல்லை. தண்ணீரைச் சோதிக்க எடுத்துப் போயிருக்கிறார்கள்.

மல்லிகா அத்தை: பார்த்தாயா அருண், மிதந்திருக்கிறது.

அருண்: விஷம் என்று சொல்லவில்லையே.

மல்லிகா அத்தை: இல்லை என்றும் சொல்லவில்லையே.

பெரியப்பா: முடிவு வரும்வரை பிடித்ததை எல்லாம் திருப்பி விட்டுவிடுவோம். நாலு மணிக்குக் கிளம்புவோம், ஒன்பதுக்குள் கரையேறுவோம். சம்மதமா?

அருண்: நான் வருகிறேன்.

சுந்தர் சித்தப்பா: மாலை என்றால் வருகிறேன்.

பெரியப்பா: படகு உன்னிடம் இருக்கிறது சுந்தர்.

சுந்தர் சித்தப்பா: தெரியும் அண்ணா.

நித்யா அக்கா: குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட் இரண்டுதான் இருக்கிறது. மூன்றாவது யாரிடம்?

அம்மா: இந்தக் குழுவின் படத்தை மாற்றியது யார்? என் பாதி முகம் வெட்டுப்பட்டிருக்கிறது.