மருது பாண்டியர் பாடமும் மேப் காட்டிய வேறு திருப்பத்தூரும்

காரைக்குடி டீச்சர்:
வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் பதினாறு வருஷமாகச் சமூக அறிவியல் எடுக்கிறேன். போன வருஷம் எங்கள் வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வந்தது. வேண்டும் வேண்டும் என்று கேட்டு வாங்கியவளே நான்தான்.

போன வாரம் எட்டாம் வகுப்பில் மருது சகோதரர்கள் பாடம். 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள் என்று சொல்லி, ஊரை மேப்பில் தேடச் சொன்னேன். பையன் தட்டியதும் மேப் வடக்கே ஜோலார்பேட்டை பக்கம் போய் நின்றது. 2019-ல் தனி மாவட்டமான திருப்பத்தூர்! "அது இல்லப்பா, நம்ம திருப்பத்தூர், பிள்ளையார்பட்டி தாண்டி" என்கிறேன். பிள்ளைகள் போர்டைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள். "மேப்ல இதுதானே மிஸ் காட்டுது?" பாதிப் பேர் கல்யாணம் காதுகுத்து என்று போய்வந்த ஊர் நம்ம திருப்பத்தூர். மறுநாள் டெஸ்டில் எட்டுப் பேர் வடக்கேதான் புள்ளி வைத்திருந்தார்கள். மனசு ஆறவில்லை.

ஆனால் அதே போர்டில்தான் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானின் செயற்கைக்கோள் படத்தைக் காட்டினேன். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடுகள், ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே சதுரம் சதுரமாக வளவுகள், அதாவது வீட்டுக்குள் திறந்த முற்றங்கள். "வளவுல விழுற மழைத்தண்ணி ஊருணிக்கா மிஸ் போகும்?" என்று கடைசி பெஞ்சுப் பிள்ளை கேட்டாள். வருஷம் பூராவும் வாயே திறக்காதவள். கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்தும் அந்தக் கேள்வி வந்ததில்லை.

போர்டை எப்போது போடுவது, எப்போது அணைப்பது? நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

தேவகோட்டை வாத்தியார்:
டீச்சரம்மா, போர்டைப் போடுவதற்கு முன்னால் "யாரெல்லாம் திருப்பத்தூர் போயிருக்கீங்க?" என்று கேட்டிருந்தால் பிள்ளைகளே மேப்பைத் திருத்தியிருப்பார்கள். நான் ஓய்வுபெறும் வரை அப்படித்தான் ஆரம்பித்தேன். முடிந்தால் ஒரு நாள் காளையார்கோவிலுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே மருது சகோதரர்கள் சமாதி முன்னால் நின்ற பிள்ளைக்கு எந்த மேப்பும் ஊரை மாற்றிக் காட்ட முடியாது.

கல்லல் சார்:
நான் அரசுப் பள்ளி. எனக்குப் பெரிய கவலை வேறு. 2018-லிருந்து வந்த புத்தகங்களில் க்யூஆர் கோடு இருக்கிறது, வீடியோக்களும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் என் பிள்ளைகள் பல பேர் வீட்டில் ஒரே போன், அது அப்பாவோடு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடும். "வீட்டில் பார்த்துட்டு வாங்க" என்றால் மறுநாள் பாதி வகுப்பு தலை குனிந்து உட்கார்ந்திருக்கும். அதனால் சொல்வதையே விட்டுவிட்டேன். முதல் நாள் ராத்திரியே டவுன்லோடு செய்து, வகுப்பில் எல்லாருக்கும் சேர்த்துப் போடுகிறேன். நடு நடுவே நிறுத்திக் கேள்வி கேட்பேன்.

பள்ளத்தூர் அம்மா:
நான் டீச்சர் இல்லை, ஒன்பதாவது படிக்கும் பெண்ணின் அம்மா. பர்மாவில் நம் செட்டிநாட்டுக்காரர்கள் செய்த தொழில் பற்றி ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். நெட்டில் எடுத்த நாலு பக்கத்தை அப்படியே பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தாள். எனக்கு வருத்தமாகிவிட்டது. ரங்கூனில் பெட்டியடியில் (கடையில் பணம், கணக்கு பார்க்கும் வேலையில்) இருந்தவரின் கணக்கு நோட்டு எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது! அப்புறம் அவளையே போனில் ரெக்கார்டரைப் போட்டு ஆயா (பாட்டி) பக்கத்தில் உட்காரச் சொன்னேன். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது தன் அப்பச்சி (அப்பா) மணிப்பூர் வழியாக நடந்தே வந்த கதையை ஆயா நாற்பது நிமிஷம் சொன்னார்கள். நடுவில் ஒரு இடத்தில் பேச்சு நின்று, ஊஞ்சல் சங்கிலிச் சத்தம் மட்டும் கேட்கும். அதை வெட்ட வேண்டாம் என்று என் பெண்ணே சொல்லிவிட்டாள்.

காரைக்குடி டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. பள்ளத்தூர் அம்மா, அந்த ரெக்கார்டிங்கை எங்கள் வகுப்பில் போட ஆயா சம்மதிப்பார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். வாத்தியார் சொன்னபடி திங்கட்கிழமை பாடத்தை மறுபடி எடுக்கிறேன். திருப்பத்தூர் போக எந்த பஸ், வழியில் என்னென்ன ஊர் வரும் என்று முதலில் பிள்ளைகள் சொல்லட்டும். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி என்று வரிசையாகக் கரும்பலகையில் எழுதி முடித்த பிறகுதான் போர்டைப் போடுவேன். மேப்பில் இரண்டு திருப்பத்தூரையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும்.