‘ரெட்கான்’ என்பதற்கு ‘வழுவமைதி’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். முன்பே வெளிவந்த கதைக்குப் பின்னால் வரும் கதை புதிய பொருள் கற்பிப்பதை ஆங்கிலத்தில் ‘ரெட்கான்’ (retroactive continuity என்பதன் சுருக்கம்) என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்காக அதற்குப் ‘பின்னோக்குத் தொடர்ச்சி’ என்று முந்தைய மடலில் பரிந்துரைத்திருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அச்சொல் வரும் ஒரு பத்தியைப் பள்ளித் தமிழாசிரியையான என் அக்காவிடம் படித்துக் காட்டினேன். “பின்னோக்கி எது தொடர்கிறது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சொல்லை விட்டுவிட்டுக் கதையைச் சொன்னேன்.

ஸ்டார் வார்ஸ் உலகில் போபா ஃபெட் என்றொரு கூலி வேட்டைக்காரன். 1996இல் வந்த ஒரு சிறுகதை, அவனுடைய இயற்பெயர் ஜாஸ்டர் மெரீல் என்றது. காவலர் பணியில் இருந்தவன், கொலைக் குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்டவன் என்றது. 2002இல் வந்த திரைப்படமோ அவனை ஜாங்கோ ஃபெட் என்பவனின் நகலாக, குளோனாகக் காட்டியது. இரண்டும் எப்படி உண்மையாகும்? அதே ஆண்டு வந்த ஒரு சித்திரக்கதை வழி கண்டது. ஜாஸ்டர் மெரீல் வேறோர் ஆள். சிறுவன் ஜாங்கோவை எடுத்து வளர்த்த, மாண்டலோரியர் என்ற போர்வீரர் கூட்டத்தின் தலைவன். பழைய கதையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் அந்தப் பெயருக்கு இப்போது வேறோர் இடம் கிடைத்துவிட்டது.

அக்கா யோசிக்கவே இல்லை. “வழுவமைதிதானே இது?” என்றார்.

பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது, அஃறிணையை உயர்திணையாகச் சொல்வதால், திணை வழு, அதாவது பிழை. ஆனால் உவப்பினால் சொன்னது என்று காரணம் காட்டி இலக்கணம் அதை ஏற்றுக்கொள்கிறது. தொடர் உதறப்படவில்லை, திருத்தப்படவும் இல்லை. பிழையாக நின்றது ஒரு காரணத்தால் அமைதி பெறுகிறது. ரெட்கான் செய்வதும் இதைத்தான். அதோடு இச்சொல்லின் இனச்சொற்கள் எல்லாம் கூடவே வருகின்றன: கதை முரணின்றிச் செல்வது வழாநிலை, முரண்பட்டால் கதைவழு, காரணம் கற்பித்து அதை ஏற்பது வழுவமைதி. வினையாகவும் வளையும்: ‘ஆசிரியர் அந்த முரணை வழுவமைத்தார்’. ‘பின்னோக்குத் தொடர்ச்சி’யை வைத்து இப்படி ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்.

இலக்கணச் சொல்லைக் கதைக்கு இழுத்தால் குழப்பம் வரும் என்று சிலர் தயங்கலாம். நிரல்நிறை என்று அணியிலக்கணத்தில் படித்த ‘நிரல்’தான் இன்று கணினி நிரலாகப் புழங்குகிறது. யாரும் குழம்பவில்லை.

ஆனால் எல்லாத் திருத்தத்துக்கும் இச்சொல்லைப் போட்டுவிடக் கூடாது. இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். ஜெர்மனியின் பெரி ரோடான் என்ற அறிவியல் புனைகதைத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1961 செப்டம்பரில் தொடங்கி வாரம் ஓர் இதழாக வருகிறது. 3000 இதழ்களைத் தாண்டிவிட்டது. ஒருவர் கதைக்குறிப்பு வகுத்துக் கொடுக்க, பல எழுத்தாளர்கள் ஆளுக்கோர் இதழாக எழுதுகிறார்கள். இவ்வளவு கைகள் பட்டால் வழு வராமல் இருக்காது. 1978 முதல் பழைய இதழ்களைக் கெட்டி அட்டை நூல்களாகத் தொகுத்தபோது, அத்தொடரின் எழுத்தாளர்களில் ஒருவரான வில்லியம் ஃபோல்ட்ஸ் முரண்களைக் களைந்து, சில இதழ்களையே விட்டுவிட்டுப் பதிப்பித்தார். அங்கே மூலமே மாறுகிறது. அது பதிப்புத் திருத்தம், வழுவமைதி அன்று. முதல் இதழில் ரோடான் நிலவில் இறங்குவது 1971இல். உண்மையில் மனிதர் 1969இலேயே இறங்கிவிட்டனர். அது கதைவழுவும் அன்று. கதை தன்னோடு முரண்படவில்லை, உலகம் முந்திக்கொண்டது.

மூன்றாவது வகை இன்னும் கடுமையானது. முதல் படத்திலிருந்தே வரும் சூபாக்கா என்ற பாத்திரம் 1999இல் ஒரு ஸ்டார் வார்ஸ் நாவலில் இறந்துபோனான். ஒரு நிலவே வந்து விழுந்து அவனைக் கொன்றது. 2014 ஏப்ரலில் உரிமையாளர்கள் அதுவரை வந்த நாவல்களைத் தொகுதியாகவே ‘லெஜண்ட்ஸ்’ என்று தனியே ஒதுக்கினார்கள். 2015 திரைப்படத்தில் சூபாக்கா உயிரோடு வந்தான். கதைக்குள் எந்தக் காரணமும் சொல்லப்படவில்லை. பதினைந்து ஆண்டுகள் அந்த மரணத்தைச் சுமந்து படித்த வாசகருக்கு இது அமைதி இல்லை. இதை ‘விலக்கு’ என்றும், ஒதுக்கப்பட்டவற்றை ‘விலக்குக் கதைகள்’ என்றும், செல்லுபடியாகும் தொகுதியை ‘ஏற்புக் கதைகள்’ என்றும் சொல்லலாம். தமிழ்க் கிறித்தவ வழக்கில் ‘தள்ளுபடி ஆகமம்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆனால் தள்ளுபடி என்றால் இன்று விலைக்குறைப்பே நினைவுக்கு வருவதால் தவிர்க்கிறேன்.

ஓர் இடத்தில் மட்டும் என் சொல் இடறுகிறது. முன்பு எந்த முரணும் இல்லாத இடத்தில், ஒரு பாத்திரத்துக்குத் திடீரென்று புதிய கடந்தகாலத்தைச் சேர்ப்பார்கள். ஆங்கிலத்தில் அதையும் ரெட்கான் என்றே சொல்கிறார்கள். வழுவே இல்லாதபோது அமைதி ஏது? ‘முன்கதைச் செருகல்’ என்று எழுதிவைத்திருக்கிறேன், ஆனால் ‘இடைச்செருகல்’ என்பதன் பழிநிழல் அதன்மேல் விழுகிறது. குற்றம் சாட்டாத ஒரு சொல் வேண்டும். யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். வழுவமைதி, பதிப்புத் திருத்தம், விலக்கு ஆகிய மற்ற மூன்றையும் பட்டியலில் சேர்க்க மறுப்பு இருந்தால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள்.

அன்புடன்