புதுப்பிப்பு: பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை, தாமிரபரணிக் கரையோரம் சைக்கிளில்

பெருஞ்சாலையை முடிந்தவரை தவிர்த்து பாபநாசத்திலிருந்து கடல் வரை சைக்கிளில் போக வழி கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

பெரிதும் கைகொடுத்தது, "ஆனி ஆடியில் மேற்கேயிருந்து கிழக்கே போங்க, காத்தே தள்ளிவிடும்" என்று ஒருவர் சொன்ன யோசனை. மலைக் கணவாய்களில் புகுந்து வரும் தென்மேற்குக் காற்று ஸ்ரீவைகுண்டம் தாண்டியும் முதுகில்தான் இருந்தது. எதிர்த்திசையில் மிதித்தால் பாடுதான்.

காரையாறு பக்கம் போகவில்லை. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை சோதனைச் சாவடியோடு திரும்பிவிட்டேன். அம்பாசமுத்திரத்திலிருந்து சேரன்மகாதேவி சாலையை விட்டு வடகரையில் முக்கூடல் வழி பிடித்தேன். வண்டி குறைவு, வயலும் வாய்க்காலும்தான். நெல்லைக்குப் பிறகு ஸ்ரீவைகுண்டம், ஏரல், முக்காணி. பாலம் தாண்டினால் ஆத்தூர். அந்த வெற்றிலைக் கொடிக்கால்களை நின்று பார்க்காமல் போகாதீர்கள். அங்கிருந்து புன்னைக்காயல், ஆறு கடலில் சேரும் இடம்.

எதிர்பாராதது சீமைக் கருவேல முள். ஏரல் பக்கம் வாய்க்கால் கரை மண்பாதையில் இரண்டு டயரும் பஞ்சர். அந்தப் பகுதியில் தார்ச்சாலையிலேயே போங்கள். மாற்று டியூபும் பஞ்சர் ஒட்டும் சாமானும் கையில் இருக்கட்டும்.