கதிர் தலை சாயவில்லை, பாதி பதர்: நோயா, பூப்பு நேரத்து வெப்பமா?

வரப்போரம்:
120 நாள் நெல் ரகம், நாற்று விட்டு நட்டது. கதிர் வந்து 12 நாளாகியும் தலை சாயாமல் விறைத்து நிற்கிறது. தடவிப் பார்த்தால் பாதிக்குப் பாதி பதர். இலை நல்ல பச்சை. பூத்த வாரத்தில் பகலில் 37, 38 டிகிரி, இரவெல்லாம் புழுக்கம். ஒருவர் போரான் தெளிக்கச் சொல்கிறார், இன்னொருவர் யூரியா ஒரு கை போடச் சொல்கிறார். வீட்டுச் சாப்பாடும் அடுத்த விதையும் இதிலிருந்துதான் வரவேண்டும். இப்போது என்ன செய்யலாம், அடுத்த பட்டத்தில் எதை மாற்றலாம்?

கதிர்நோக்கி:
எதையும் தெளிக்கும் முன் பத்துக் கதிரைக் கையில் எடுத்துப் பாருங்கள். கதிர் மொத்தமாக வெளுத்திருந்து, இழுத்ததும் உருவிக்கொண்டு வந்தால் தண்டுத்துளைப்பான். கழுத்துக் கணு கறுத்து ஒடிந்தால் குலைநோய். உமியில் பழுப்புப் புள்ளியாகக் குத்திய தடம் இருந்தால் நாவாய்ப்பூச்சி. இவை எதுவும் இல்லாமல், முற்றும் மணிக்கு நடுவே பதர் சிதறிக் கிடந்தால் வெப்பத்தைத்தான் சந்தேகிக்கவேண்டும்.

அப்படிப்பட்ட ஒரு பதரை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே சூல் வளராமல் பொட்டளவிலேயே நின்றிருந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். பாதி வளர்ந்து சுருங்கியிருந்தால் சூல் பிடித்திருக்கிறது, பால் ஏறும்போதுதான் தடைப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் காரணம் வேறு.

நெல் பூ பெரும்பாலும் காலை 9 மணிக்கும் நண்பகலுக்கும் இடையே, ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் திறந்திருக்கும். அந்த நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தப்பை சரியாக வெடிக்காது, சூல்முடியில் போதிய மகரந்தம் விழாது. தவறிய பூவுக்கு மறுநாள் கிடையாது. ஆகவே இப்போதுள்ள பதரை எந்த மருந்தாலும் மணியாக்க முடியாது. மண் பரிசோதனையில் குறைவு தெரிந்தால் மட்டுமே போரான், அதுவும் பூப்புக்கு முன்பே. அளவு மீறினால் அதுவே நஞ்சு. யூரியா வேண்டவே வேண்டாம், பின்தூர் (பிந்தி வரும் பக்கக்கிளை) கிளம்பி மணி முற்றுவது ஒழுங்கில்லாமல் போகும். பிடித்த மணியையாவது காப்பாற்ற, அறுவடைக்குப் பத்து நாள் முன்பு வரை வயல் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மடைத்தண்ணீர்:
புழுக்கத்தைச் சொன்னீர்களே, அது முக்கியம். காற்று உலர்ந்திருந்தால் நீராவிப்போக்கால் கதிர் காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்து நிற்கும். ஈரக்காற்றில் அந்தக் குளிர்ச்சி குறைவு. அதனால்தான் ஒரே 37 டிகிரி ஓரிடத்தில் தாங்கும், இன்னோரிடத்தில் பதராக்கும்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சி, நீர் கட்டுபவர்கள் பூப்புக்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை அதை விட்டுவிட்டு, வயலில் 5 செ.மீ. நீர் தேங்கி நிற்கும்படி வைக்கவேண்டும். தண்ணீர் பற்றாக்குறை என்றால் மற்றப் பருவத்தில் மிச்சம் பிடியுங்கள், இந்த இரண்டு வாரத்தில் பிடிக்காதீர்கள். பூக்கும் நாட்களில் காலையில் எந்த மருந்தும் அடிக்கக்கூடாது. தவிர்க்கமுடியாவிட்டால் மாலையில் அடியுங்கள்.

இரவு வெப்பமும் தனியாகக் கடிக்கும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல் கணக்கை வைத்து 2004இல் வந்த ஆய்வில், வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை 1 டிகிரி கூடியபோது விளைச்சல் ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்திருந்தது. பகல் வெயிலை மட்டும் பார்த்துப் பட்டம் குறிப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

வரப்போரம்:
பிளந்து பார்த்தேன். பெரும்பாலும் பொட்டுதான். அப்படியானால் விதைப்பு நாளை மாற்றுவதுதான் வழியா?

கதிர்நோக்கி:
ஆம், ஆனால் பூக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பூத்த பின் அறுவடைக்கு ஏறத்தாழ 30 நாள், ரகம் எதுவானாலும் இது பெரிதாக மாறாது. எனவே 120 நாள் ரகம் விதைத்த 90ஆம் நாளையொட்டிப் பூக்கும். வயல் முழுதும் பூத்து முடிய இன்னும் பத்து நாள். வெயில் உச்சம் தொடங்குவதற்கு 100 நாளாவது முன்பே நாற்றங்காலில் விதை விழவேண்டும். நேரடி விதைப்பில் நடவு அதிர்ச்சி இல்லை, 7 முதல் 10 நாள் முந்தும். 90 நாள் வைத்தால் போதும். முற்றிய நாற்றை நட்டால் இந்தக் கணக்கு குலையும்.

நாற்றங்கால்:
ஒரு எச்சரிக்கை. பகல்பொழுதின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் பழைய ரகங்களில் இந்தக் கணக்கு செல்லாது. விதைப்பை ஒரு மாதம் முன்பின் தள்ளினாலும் அவை பூக்கும் நாள் அவ்வளவாக நகராது. ரகத்தையே மாற்றவேண்டும்.

வெயில் எந்த வாரம் ஏறும் என்பதே இப்போது நிலையில்லை. நிலத்தை இரண்டாகப் பிரித்து, வயதில் 15 நாள் வித்தியாசமுள்ள இரு ரகங்களை ஒரே நாளில் விதையுங்கள். ஒன்று மாட்டினாலும் மற்றது சோறு போடும். இதிலும் தொல்லை உண்டு: முதலில் முற்றும் பாதிக்கு எலியும் பறவையும் கூடும். அக்கம்பக்கத்து வயல்களோடு ஒத்த நாளில் முற்றும் ரகமாகப் பாருங்கள்.

வரப்போரம்:
இதே வயல் நெல்லை விதைக்கு எடுக்கலாமா?

நாற்றங்கால்:
தாராளமாக. மகரந்தம் சேராதது பரம்பரைக் குறை ஆகாது. நன்றாகச் சாய்ந்த கதிராகப் பார்த்துத் தனியே அறுத்து, 12 சதவீத ஈரத்துக்குக் காயவைத்து மூடிவையுங்கள். விதைக்கும் முன் 10 லிட்டர் தண்ணீரில் 1.5 கிலோ உப்பைக் கரைத்து விதையைக் கொட்டுங்கள். மிதப்பதை அள்ளி எறியுங்கள். மூழ்கியதை உடனே நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசவேண்டும், உப்பு தங்கினால் முளைப்பு கெடும்.