ஃபேன் ஃபிக்குக்குப் படம் வரையும்போது சறுக்கும் இடங்கள்

ஃபேன் ஃபிக் என்றால் ஒரு மூலக்கதையின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதை. அதற்குப் படம் வரையத் தொடங்குமுன் எழுத்தாளரின் ப்ரொஃபைலைப் பாருங்கள். "படம் வரையலாம், சுட்டி கொடுத்தால் போதும்" என்று பலர் அங்கேயே எழுதிவைத்திருப்பார்கள். இல்லையென்றால் ஒரு கமென்ட்டில் கேட்டுவிடலாம்.

பிறகு கதையை இன்னொரு முறை, உருவக் குறிப்புகளைப் பொறுக்குவதற்காக மட்டும் படிக்க வேண்டும். முடி, உயரம், தழும்பு, உடை, இடக்கைப் பழக்கம் என எது கிடைத்தாலும் பக்கத்தில் அத்தியாய எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 4-ஆம் அத்தியாயத்தில் பின்னல் போட்டிருப்பவள் 9-இல் முடியை வெட்டியிருப்பாள். மூலக்கதையின் முகத்தை நினைவிலிருந்து வரைபவர்கள் மாட்டுவது இங்கேதான். வாசகர்கள் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், விடவும் மாட்டார்கள்!

"இடது புருவத்தில் தழும்பு" என்றால் அது பாத்திரத்தின் இடது. நேராகப் பார்க்கும் முகத்தில் நமக்கு வலப்பக்கம் வரும். பிழை தெரிவதற்காக கேன்வாஸைக் கிடைவாக்கில் திருப்பிப் பார்ப்பவர்கள், மறுபடி பழையபடி திருப்பாமலே எக்ஸ்போர்ட் செய்தால் தழும்பு மறுபுருவத்துக்குப் போய்விடும்.

*

மேலே சொன்னதோடு காட்சித் தேர்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் பிடித்த உச்சக்கட்டத்தையே வரையத் தோன்றும். ஆனால் அந்த அழுகையை எழுத்தே முழுசாகச் சொல்லி முடித்திருக்கும். படத்துக்கு மிச்சம் எதுவும் இருக்காது. அதற்கு ஒரு கணம் முந்தைய காட்சியை எடுங்கள். கடிதத்தைப் படித்து உடைந்துபோகிறான் என்றால், உறையைக் கிழிக்கத் தயங்கும் கட்டைவிரலை வரையலாம். கதை தெரிந்தவருக்கு அது போதும், தெரியாதவருக்கு முடிவும் கெடாது.

முதலில் தபால்தலை அளவில் ஆறேழு தம்ப்நெயில் (குட்டி முன்வரைவு) போடுங்கள், கறுப்பு, சாம்பல், வெள்ளை மட்டும். நிழலுருவை வைத்தே யார் யார் என்று தெரியவில்லையென்றால் வண்ணம் ஏற்றியும் பயனில்லை. அறையில் ஒரே விளக்கு என்று கதை சொன்னால் எல்லா நிழலும் அந்த விளக்குக்கு எதிர்ப்பக்கம்தான் விழ வேண்டும். நிழலுக்காக மல்டிப்ளை லேயரில் (கீழுள்ள வண்ணத்தை இருட்டாக்கும் அடுக்கு) கறுப்பைப் பூசினால் தோல் அழுக்கேறியதுபோல ஆகிவிடும். மங்கிய ஊதாவோ நீலமோ எடுங்கள்.

*

அச்சு பற்றி. ஜைன் (ரசிகர்கள் தாங்களே அச்சிடும் சிறு இதழ்) ஏ5 அளவென்றால் 148×210 மிமீ. நாலு பக்கமும் 3 மிமீ பிளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) சேர்த்தால் 154×216; 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 1819×2551 பிக்சல். இதை முதலிலேயே வைத்துவிடுங்கள். திரைக்கு வரைந்ததைப் பின்னால் பெரிதாக்கினால் கோடுகள் மழுங்கும். ப்ரோகிரியேட் என்ற வரையும் செயலியில் கேன்வாஸ் பெரிதாக ஆக லேயர் எண்ணிக்கை குறையும், அதற்கேற்பத் திட்டமிடுங்கள். தையல் பக்கம் 10 மிமீ அளவுக்கு முகம், கை எதுவும் வேண்டாம், மடிப்புக்குள் போய்விடும். திரையில் பளிச்சென்று இருக்கும் பச்சையும் மின்நீலமும் அச்சு மையின் நிறமுறையான சிஎம்ஒய்கே-யில் செத்துப்போகும். முன்னோட்டம் பார்க்காமல் கோப்பை அனுப்பாதீர்கள்.

இனி இணையம். ஃபேன் ஃபிக் தளமான ஏஓ3-இல் (Archive of Our Own) படத்தை நேரடியாக ஏற்ற முடியாது. வேறிடத்தில் ஏற்றி, அந்த முகவரியை இமேஜ் டேக்கில் கொடுக்க வேண்டும். அந்த இடம் மூடினால் உங்கள் பக்கத்திலும் படம் காணாமல்போகும், மூலக்கோப்பு கையில் இருக்கட்டும். அகலத்தை 100% என்று வைத்தால் மொபைலில் ஓரம் வெட்டுப்படாது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக ஆல்ட் டெக்ஸ்ட்டில் (படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் விவரிப்பு) காட்சியை இரண்டு வரியில் எழுதுங்கள். பதிவிடும்போது 'இன்ஸ்பயர்ட் பை' பகுதியில் கதையின் முகவரியைப் போட்டால் எழுத்தாளருக்குத் தகவல் போகும். அவர் ஒப்புக்கொண்டபின் கதைப் பக்கத்திலும் உங்கள் படத்துக்குச் சுட்டி வரும்.