புதுப்பிப்பு: ஸ்லீவ் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பில்களுக்குப் பணம் வந்தது

இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் என்ற எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனம், அதன் பிறகான பி12 ஊசி, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை பில்களை "வைட்டமின்கள் சேராது" என்று தள்ளிவிட்டதைப் பற்றி இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, பாலிசியில் எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று சொல்லும் விலக்குப் பட்டியலின் 14-ஆம் எண்ணைக் கடைசி வரி வரை படிக்கச் சொன்னவரின் யோசனைதான். வைட்டமின், தாது மாத்திரைகள் கிடையாது என்றுதான் அது தொடங்குகிறது. ஆனால் மருத்துவமனை சிகிச்சையின் பகுதியாக மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தால் அந்த விலக்கு பொருந்தாது என்று முடிகிறது! நிராகரிப்புக் கடிதத்தில் முதல் பாதி மட்டும்தான் இருந்தது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "சத்து மாத்திரைகள்" என்று பொத்தாம்பொதுவாக இருந்தது. மருந்துகளின் பெயர், அளவு, இரைப்பையைக் குறைத்ததால் பி12 சரியாக உறிஞ்சப்படாது என்ற காரணம், மூன்றையும் மருத்துவரிடம் கடிதமாக வாங்கி நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு அனுப்பினேன். 12 நாளில் பணம் வந்தது. நிறுவனத்துக்கு வெளியே புகாரை விசாரிக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் (ஆம்பட்ஸ்மேன்) வரை போக வேண்டியிருக்கவில்லை. (போவதென்றால் கட்டணம் இல்லை, ஆனால் முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுத்து, பதில் வராவிட்டால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.)

எதிர்பாராதது: என் பாலிசியில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுகளுக்கு 60 நாள் வரைதான் பணம், அதுவும் டிஸ்சார்ஜ் தேதியிலிருந்து. கல்யாண வீட்டுக்குப் போய்வந்து 63-ஆம் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனைக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. புரோட்டீன் பவுடருக்கும் கிடையாது. அது மருத்துவரின் மருந்துச் சீட்டிலேயே இல்லை, அதனால் நானும் சண்டை போடவில்லை.